குணமான குரல்

அவள் ஆறு நாள்தான் பேசியிருந்தாள். வாராந்திர அறிக்கையில் ஏழு பதிவுகள் இருந்தன.

"புதன்கிழமை நான் பேசலையே," என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆய்வு உதவியாளர் திரையைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தாள். சின்னப் பெண். எல்லாரையும் சமாதானப்படுத்திப் பழகிய முகம். "பேசியிருக்கீங்களே மேடம். சாயங்காலம் நாலு பத்துக்கு. மூணு நிமிஷம் போதும்னு சொல்லியிருந்தோம், நீங்க பதினொரு நிமிஷம் பேசியிருக்கீங்க. இந்த வாரத்துலயே அதுதான் நல்ல பதிவு."

அந்த மனநல மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் ஆய்வு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. தினமும் நான்கு மணிக்குக் கைபேசி மணி அடிக்கும். 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று திரையில் எழுத்து வரும். அதைப் பார்த்து எதையாவது பேச வேண்டும். என்ன பேசுகிறோம் என்பது அந்தச் செயலிக்கு முக்கியமில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே எவ்வளவு நேரம் காலியாகப் போகிறது, குரல் எங்கே ஏறுகிறது, எங்கே படுத்துக்கொள்கிறது, மூச்சு எப்படி விடுகிறோம் என்றெல்லாம் அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் கொடுக்கும். அவளுடைய எண் இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்தொன்று என்று கிடந்தது. புதன்கிழமை மட்டும் அறுபத்து நான்கு.

கணவர் போய்ப் பதினோரு மாதம். அவள் அழவில்லை. அழுகையை அடக்கினாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள், ஆனால் அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் விரலுக்குக் கன்னம் தெரியும், கன்னத்துக்கு விரல் தெரியாது. உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

குடிநீர் அலுவலகத்தின் புகார் எண்ணில் பத்தொன்பது வருஷம் பேசியவள். "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று அவள் கேட்டாலே பாதிக் கோபம் இறங்கிவிடும் என்பார்கள். கணவரும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். குழாய் ஒழுகுகிறது என்று அழைத்தவர், குழாய் சரியான பிறகும் மூன்று நாள் அதே குழாயைப் பற்றி அழைத்தார். அவர் போன பின்பு அவள் மறுபடி வேலைக்குப் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தபோது, ஏதோ மெஷின் பேசுகிறது என்று நினைத்து ஆட்கள் அழைப்பைத் துண்டித்தார்கள். பிறகு அவளைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்த ஆய்வில் சேர்த்தது தங்கை. நன்றாக இருந்த காலத்துக் குரல் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஆய்வுக்காரர்கள் கேட்டபோது, அலுவலகத்தில் தேடிப் பிடித்து, அவளுடைய பழைய அழைப்புகளின் ஒலிப்பதிவை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்ததும் தங்கைதான்.

வீட்டுக்கு வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு புதன்கிழமைப் பதிவைப் போட்டாள்.

முதலில் சமையலறைச் சத்தங்கள் வந்தன. தொட்டியில் சொட்டும் குழாய், மேல் வீட்டில் நாற்காலி இழுபடும் கரகரப்பு, ஜன்னல் கொக்கியை யாரோ விலக்கியதும் உள்ளே பாய்ந்த தெரு இரைச்சல். அந்த ஜன்னலை அவள் திறந்து பல மாதம் ஆகியிருந்தது. அப்புறம் அவளுடைய குரல். இப்போதைய குரல் இல்லை. பத்தொன்பது வருஷம் ஊருக்கே பதில் சொன்ன, முனையில் சின்னச் சிரிப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்த அந்தப் பழைய குரல். "இன்னிக்கு நல்லா இருக்கேன். ஜன்னலத் தெறந்து விட்டேன். ஒரு வருஷத்துத் தூசி. பால் காய்ச்சி வெச்சிருக்கேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் சக்கரை போட்டு." பேசிக்கொண்டே போனது. எதிர் வீட்டுக்காரர் துணி உலர்த்தும் அழகைச் சொல்லிச் சிரித்தது.

எட்டாவது நிமிடத்தில், குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஓர் இருமல் கேட்டது. வறண்ட இருமல். இரண்டு தரம்.

குரல் நின்றது. பிறகு தணிந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, "அவதான் இருமறா. உள்ள கட்டில்ல உக்காந்திருக்கா. மதியத்துல இருந்து சுவத்தையே பாத்துட்டிருக்கா," என்றது.

புதன்கிழமை மணி அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. கைபேசி சமையலறை அலமாரியில் இருந்தது. அவள் இங்கே, இதே இடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமியது நினைவிருந்தது.

பயந்திருக்க வேண்டும். பயம் முகவரி மாறி வந்த கடிதம்போல எங்கேயோ வாசலில் கிடந்தது. தனக்குத்தான் என்று தெரிந்தும் அவள் அதை எடுத்துப் பிரிக்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கே கைபேசியை அணைத்துச் சமையலறையில் வைத்துவிட்டு, படுக்கையறையில் வந்து உட்கார்ந்தாள். வெயில் தரையில் நீளச் சதுரமாகக் கிடந்தது. நான்கு பத்துக்கு, மூடிய கதவுக்கு அப்பால், யாரோ தொலைபேசியில் பேசும்போது கேட்குமே, சொற்கள் புரியாமல் ஏற்ற இறக்கம் மட்டும், அப்படி ஒரு முணுமுணுப்புத் தொடங்கியது. அவள் எழுந்து, கதவைத் திறந்து, சுவரில் விரல்களை உரசிக்கொண்டே நடையைக் கடந்து சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிட்டது. யாரும் இல்லை. அடுப்பில் பால் பாத்திரம் இருந்தது, ஏடு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. கைபேசி அணைந்துதான் இருந்தது. எடுத்தாள். வெகுநேரம் காதோடு வைத்துப் பேசியதுபோல, அது சுட்டது.

வெள்ளிக்கிழமை தங்கை வந்தாள். உள்ளே நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"நேத்து ஒரு மணி நேரம் பேசியிருக்கோம்க்கா. எங்க வீட்டுல கேக்கறாரு, யாரு கூடடி இப்படிச் சிரிக்கறேன்னு. எங்க அக்கா கூடன்னு சொன்னேன். எவ்வளவு நாளாச்சு அதச் சொல்லி."

"நான் உனக்கு ஃபோன் பண்ணல."

தங்கை கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பண்ணல. அது நான் இல்ல," என்றாள் அவள் மறுபடியும். தன் குரல் தனக்கே தட்டையாகக் கேட்டது.

"பதினோரு மாசமா வாரா வாரம் வந்து, ஒரு பதிலும் வராத ஆள்கிட்ட பேசிட்டுப் போயிருக்கேன்," என்றாள் தங்கை. கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "இப்பத்தான் எனக்கு எங்க அக்கா திரும்பக் கிடைச்சிருக்கா. அதக் கெடுத்துடாத."

ஆய்வு மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். கோடு பச்சைப் பகுதிக்குள் போயிருந்தது. எண்பத்தொன்று.

"குணமாகும்போது சில பேருக்கு இப்படித் தோணும்மா. பழைய ஆள் திரும்பி வரும்போது யாரோ அந்நிய ஆள் மாதிரி இருக்கும். போகப் போகப் பழகிடும்."

"எனக்கு இந்த ஆய்வு வேண்டாம் டாக்டர். நிறுத்திடுங்க."

"தாராளமா நிறுத்தலாம். ஆனா..." அவர் ஆய்வு உதவியாளரைப் பார்த்தார். "முந்தாநாள் நீங்களே ஃபோன் பண்ணி, இன்னும் ஆறு மாசம் தொடரணும்னு கேட்டீங்களே. சம்மதமும் உங்க குரல்லதான் பதிவாகியிருக்கு."

அவர்கள் இருவரும் அவளை அன்போடு பார்த்தார்கள். அவள் எழுந்து வந்துவிட்டாள். வாசலில் இருந்த காவலாளி அவளுக்குப் பின்னால் வந்தவருக்குக் கதவைத் திறந்து பிடித்தான். அவளைத் தாண்டித்தான் அவன் பார்வை போனது.

அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று தெரியவில்லை. வேலைக்குப் போனதாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. பசிக்கவில்லை. ஒரு நாள் நான்கு மணிக்கு, மணி அடிப்பதற்கு முன்பே சமையலறைக்குப் போய் அலமாரிமுன் நின்றாள். தானே பேசிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். எண் என்னவாக வந்தாலும் சரி, அது தன்னுடையதாக இருக்கட்டும். எழுத்து வந்தது. பேசினாள். பெயரைச் சொன்னாள், வீட்டு விலாசத்தைச் சொன்னாள், கணவர் பெயரைச் சொன்னாள், அவர் இறந்த தேதியைச் சொன்னாள்.

'பேச்சு எதுவும் கேட்கவில்லை. மீண்டும் முயலவும்.'

இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

'பேச்சு எதுவும் கேட்கவில்லை.'

மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்தினாள். மேல் வீட்டில் நாற்காலி இழுபட்டது. வேறு சத்தம் இல்லை.

திரையில் முந்தைய நாள் பதிவு காத்திருந்தது. தொட்டாள். "இப்பல்லாம் அவ இருமறதில்ல," என்றது அந்தக் குரல், ஒரு நோயாளியைப் பற்றி நர்ஸ் சொல்வதுபோல. "தட்டு வெச்சா எடுக்கறதில்ல. பாவமா இருக்கு. ஆனா ஒரு தொந்தரவும் இல்ல. ஓரமா இருந்துக்கறா."

ஞாயிற்றுக்கிழமை தங்கை தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றும் சத்தம். நடை. படுக்கையறை வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், நேராகச் சமையலறைக்கு.

"அக்கா."

"வாடி. ஏன் இவ்வளவு நேரம்?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. கரண்டிச் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். இரண்டு பேர் சிரிக்கும் சத்தம். சிரிப்பில் ஒன்று, அவளுடையது. எழுந்திருக்க நினைத்தாள். நினைப்பு கால்வரை போகவில்லை.

"கொடியில துணி காஞ்சிருக்கும். எடுத்து மடிச்சு வெச்சிடேன். நான் டீ போட்டுடறேன்," என்றது சமையலறை.

தங்கை வந்தாள். கை நிறையத் துணி. கட்டிலில் குவித்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு பக்கத்தில். தங்கையின் தோளில் வியர்வை வாசனை, தலையில் எண்ணெய் வாசனை. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு மறைந்திருந்தது. நன்றாகத் தூங்குகிறாள்போல.

வாயைத் திறந்தாள். இங்க இருக்கேன்.

தங்கை ஏதோ பாட்டை முனகிக்கொண்டே ஒரு சேலையை நீவி மடித்தாள். திரும்பினாள். அதை அவள் மடியில் வைத்தாள்.

அடுத்தது. அதன்மேல்.

என்னைப் பாருடி.

அடுத்தது. ஓரங்களைச் சேர்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி. வெயிலில் கிடந்த துணி. சூடாக இருந்திருக்க வேண்டும். மடிக்குத் தெரியவில்லை. அடுக்கு வயிற்றுக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. கழுத்துக்கு. தங்கை நிதானமாக மடித்தாள். அவசரம் ஒன்றும் இல்லை.

முகவாய்வரை.

"முடிச்சிட்டியா? டீ ஆறுது."

"இதோ வந்துட்டேங்க்கா."

ஒரு துண்டு மிச்சம் இருந்தது. தங்கை அதை உதறினாள். தூசி விழாமல் இருக்க, அடுக்கின்மேல் விரித்தாள். தலைக்கு மேலாக. நான்கு பக்கமும் இழுத்துவிட்டாள்.

வெள்ளையாக ஆனது எல்லாம். கதவு சாத்தும் சத்தம். நடை. இரண்டு நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

துணி மூக்கில் படிந்திருந்தது. அவள் மூச்சை விட்டாள். பலம் கொண்ட மட்டும், நீளமாக.

துணி அசையவில்லை.