எதிர்வாசல் சாட்சி

காலை பத்தரைக்கு என் பணித்தடம், அதாவது வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இணைப்பு, தானாக மூடிக்கொள்ளும். மன்னார் வளைகுடாவில், கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் என் தொலைக்கரம் ஒரு போல்ட்டைப் பாதி முறுக்கியிருந்தாலும் சரி, அப்படியே கெட்டியாகப் பிடித்தபடி நின்றுவிடும். இங்கே பாளையங்கோட்டையில், நாலாவது மாடியில், நான் கிளவுஸைக் கழற்றிவிட்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்காமல் அடம்பிடிக்கவும் முடியாது. வாசலில் மணி அடித்துவிடும்.

அடிப்பவர் எதிர்வீட்டு ஹெப்சிபா. மாவட்டத்தின் நாற்பது கிராமங்களில் இருக்கும் பால் குளிரூட்டும் நிலையங்களைத் தன் சாப்பாட்டு மேசையிலிருந்தே ஓட்டுகிறவர். என்னைவிட இரண்டு வயது குறைவு. மூன்று மாதமாக எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை, பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடம், சேர்ந்து நடக்கிறோம். சட்டம் அப்படி.

நாலு மாடி இறங்கி, கட்டடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி நாலு மாடி ஏறுவோம். எங்கள் இரு வாசலுக்கும் நடுவே சுவரில் பதித்திருக்கும் சாட்சிப்பலகையில் ஆளுக்கொரு கையை வைத்து, "பார்த்தேன்" என்று சொல்வோம். இவர் நன்றாக இருக்கிறார், இதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்பது அதன் பொருள். அதன் பிறகுதான் இரண்டு வீட்டிலும் பணித்தடம் திறக்கும்.

எதிர்வாசல் சட்டம் வருவதற்கு முன்னால், உட்கார்ந்து வேலை செய்பவர்களின் உடம்பைக் கருவிகள்தான் பார்த்துக்கொண்டன. முதுகுச் சட்டை என்று ஒன்று கொடுத்தார்கள். கூன் போட்டு உட்கார்ந்தால் அது கத்தும். என் அப்பா அதை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டே வேலை பார்த்தார். நடையை எண்ணும் பட்டையை மாவாட்டும் கிரைண்டரில் கட்டினார். எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஒரு நாளைக்குப் பதினோராயிரம் அடி நடந்தது. அப்பா ஐம்பத்தொன்றில் நாற்காலியில் இருந்தபடியே போனார். அன்றைக்கும் சென்சார் அவரை மிக நலம் என்றுதான் காட்டியது. ஊருக்கு ஊர் பலர் இப்படிச் செத்த பிறகுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது. எந்தக் கருவியையும் மனிதன் ஏமாற்றிவிடுவான். எதிர்வீட்டுக்காரரை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

சாட்சியை நாமே தேர்ந்தெடுக்கவும் முடியாது. நண்பர்கள் ஒருவருக்கொருவர் தாராளமாகப் பொய் சொல்வார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த வாசல் எதிரே இருக்கிறதோ, அந்த வாசல்தான்.

பேச்சு நின்றுபோனது ஒரு செருப்பு ஸ்டாண்டால். ஹெப்சிபாவின் ஸ்டாண்டு நடைபாதையில் என் பக்கம் ஆறு அங்குலம் நீண்டிருந்தது. நான் டேப் வைத்து அளந்து, படம் எடுத்து, குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதினேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று பக்கம் எழுதினேன்.

எனக்கு அப்போது வேறொரு பதற்றமும் இருந்தது. ஆழ்கடல் உரிமம் வாங்க முந்நூறு நாள் இடைவிடாத சாட்சி வேண்டும். அது கிடைத்தால் நடுக்கடலின் பெரிய கோபுரங்களில் என் கரம் ஏறலாம். ஆறு வருட ஆசை. இரண்டு தடவை பாதியில் அறுந்துபோனது, ஒரு தடவை காய்ச்சலால், ஒரு தடவை முதுகுப் பிடிப்பால். இந்த முறை இருநூற்றுத் தொண்ணூறு நாளை முடித்திருந்தேன். இடது காலில் நாலைந்து நாளாக ஒரு கனம் இருந்தது உண்மைதான். மாத்திரை போட்டுக்கொண்டேன். இன்னும் பத்து நாள் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

இருநூற்றுத் தொண்ணூற்றோராம் நாள், முதல் நடை முடிந்து மேலே வந்தோம். நான் பலகையில் கைவைத்து வழக்கம்போல "பார்த்தேன்" என்றேன். ஹெப்சிபா கையை வைக்கவில்லை.

"சொல்லுங்க மேடம். கடல்ல போல்ட் பாதியில நிக்கி," என்றேன். மூன்று மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

"சொல்ல முடியாது சார்."

"ஏன்?"

"உங்க எடது கால் சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"என் கால் எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். அதனாலதான் மறைக்கீங்க."

சுர்ரென்று ஏறியது எனக்கு. "அந்த ஸ்டாண்டுக்குப் பழி வாங்குதீங்க, அப்படித்தானே? பத்து நாள் மேடம். இன்னும் பத்தே நாள். வேணும்னே பண்ணுதீங்க."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாட்சி சொல்லிவிட்டதால் அவர் தடம் திறந்தது, அவர் மறுத்ததால் என் தடம் மூடியே கிடந்தது. நான் அந்த நிமிடமே மேல்முறையீடு போட்டேன். சாட்சிக்கு என்மேல் பகை, ஆதாரம் இணைப்பு, மூன்று பக்கம்.

மறுநாள் சாயங்காலம் நல அலுவலர் மைமூன் வந்தார். மேலப்பாளையத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். இந்த மாதிரி விசாரணையை அலுவலகத்தில் வைக்க மாட்டார்கள். நடை நடக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது விதி. அவர் மாடிப்படியில் ஒரு கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் அவரவர் வாசலில் நின்றோம்.

"ஹெப்சிபாம்மா, என்ன பாத்தீங்க?" என்றார்.

ஹெப்சிபா என்னைப் பார்க்காமல், செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவரு செருப்புக்கு வார் உண்டு மேடம். எப்பவும் ரெண்டு காலுக்கும் மூணாவது ஓட்டைலதான் மாட்டுவாரு. போன புதன்கிழமை எடது வார் நாலாவது ஓட்டைக்குப் போச்சு. சனிக்கிழமை அஞ்சாவதுக்குப் போச்சு. வலது வார் அங்கயேதான் இருக்கு. அப்ப எடது கால் மட்டும் வீங்குது. மாடி ஏறயில மூணாவது மாடித் திருப்பத்துல செல்போனப் பாக்குற மாதிரி நிக்காரு. முன்னாடி அப்படி நின்னதே கிடையாது. இவருக்கு மூச்சு வாங்கினா வலது காதத் தடவுவாரு. இப்ப நாலு நாளா தடவிக்கிட்டே வாராரு."

எனக்கு வலது காதைத் தடவும் பழக்கம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போதும் என் கை அங்கேதான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

மைமூன் குறித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "குற்றாலிங்கம் சார், சாட்சி பகையில சொல்லுதாங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்ப விதிப்படி உங்க சாட்சியையும் நான் சோதிக்கணும். நீங்க இவங்கள எண்ணூத்து எழுபது தடவைக்கு மேல பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க. ஒண்ணும் பெருசா கேக்கல. இவங்க கதவ எந்தக் கையால பூட்டுவாங்க?"

நான் யோசித்தேன். எண்ணூற்று எழுபது தடவை அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அவர் பூட்டும் நேரமெல்லாம் எனக்குக் கோபுரத்து போல்ட் ஞாபகமாகவே இருந்திருக்கிறது. ஹெப்சிபா வலது கைக்காரர், அது தெரியும்.

"வலது கை," என்றேன்.

மைமூன் ஹெப்சிபாவைப் பார்த்தார். ஹெப்சிபா தலையைக் குனிந்துகொண்டு, "எடது," என்றார்.

"படி ஏறயில கைப்பிடியப் பிடிப்பாங்களா? நடக்கயில என்ன பேசுவாங்க? கண்ணாடி போடுவாங்களா, போட மாட்டாங்களா?"

எதிரே கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நின்றார். அதை மட்டும் சொன்னேன்.

மைமூன் பேனாவை மடியில் வைத்தார். அவருக்கே மனசில்லை என்பது தெரிந்தது. "சார், உங்க சாட்சி செல்லாது. இருநூத்துத் தொண்ணூறு நாளும் நீங்க அவங்களுக்குச் சொன்னது செல்லாது. உங்க உரிமம் அவங்க மறுத்ததுலயே போச்சு. ஆனா இப்ப அவங்க நாள் தொடர்ச்சியும் அறுந்துட்டு. ஹெப்சிபாம்மா, உங்களுக்கு எத்தனையாவது நாள்?"

"தொள்ளாயிரத்து எம்பத்தாறு மேடம்."

ஆயிரம் நாள் முடித்தால் மூன்று மாதம் நலவிடுப்பு. அவருடைய மகள் போர்ட் பிளேரில் இருக்கிறாள். ஆவணியில் அவளுக்குப் பிரசவம். இதையெல்லாம் மைமூன் ஏட்டில் பார்த்து வாசிக்கும்போதுதான் கேட்டேன். மூன்று மாதம் முன்புவரை நடையின்போது ஹெப்சிபா பேசிக்கொண்டே வந்திருப்பார். ஏதோ பேசுகிறார் என்று நானும் "உம்" கொட்டியிருப்பேன்.

ஹெப்சிபா அழவில்லை, சண்டை போடவில்லை. "இப்ப இவரு ஆஸ்பத்திரிக்குப் போவாருல்லா?" என்று மட்டும் மைமூனிடம் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

போனேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். முழங்காலுக்குப் பின்னால், விரல் நீளத்துக்கு ரத்தம் உறைந்திருந்தது. "நாள் முழுக்க ஒரே இடத்துல உக்காந்து செய்யுற வேலையா?" என்றார். "நடுவுல நடக்கேன்," என்றேன். "நடந்தும் சிலருக்கு வரும். இது ஒடைஞ்சு நுரையீரலுக்குப் போயிருந்தா, நீங்க ஆம்புலன்ஸுக்குக்கூட நேரம் குடுத்திருக்க மாட்டீங்க. யார் பாத்துச் சொன்னது?"

"எதிர்வீட்டுல."

"டாக்டரா?"

"இல்ல. பால் குளிர வைக்காங்க."

ஒன்பது நாள் படுத்திருந்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு எதிர்வாசலில் யார் இருந்தார் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இப்படி ஒரு சட்டத்தை யோசித்து எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அதைவிட, மூன்று பக்கம் புகார் எழுதியவனின் செருப்பு வாரைத் தினமும் குனிந்து பார்த்த மனுஷியைத்தான் முதலில் கும்பிட வேண்டும். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்திருக்கிறார். இது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் புரிந்தது.

திரும்பி வந்த மறுநாள் பத்தரைக்கு நான் முந்திக்கொண்டேன். அவர் வாசலில் மணி அடித்தேன். காலில் இறுக்கமான காலுறை போட்டிருந்தேன்.

உள்ளே கதவின் வலது மேல் மூலையில் இருக்கும் தாழ்ப்பாள் உடனே விலகவில்லை. எதையோ வைத்துத் தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது அவர் இடது கையில் ஒரு தோசைக்கரண்டி இருந்தது. அதை அவசரமாக உள்ளே வைத்துவிட்டு வந்தார். செருப்பைப் போட்டார். சாவியை இடது கையில் எடுத்துப் பூட்டினார். கைவராத கையென்பதால் இரண்டு தடவை தடுமாறியது.

"கால் எப்படி இருக்கு சார்?"

"பரவால்ல மேடம். மன்னிச்சுக்..."

"மொத நாளு. நடங்க," என்றார்.

நடந்தோம். நான் பார்த்தேன். கைப்பிடி வலப்பக்கம் வரும் படிகளில் அவர் பிடிக்காமலே இறங்கினார். இடப்பக்கம் வந்ததும் பிடித்துக்கொண்டார். கீழே யாரோ கூப்பிட்டபோது கையை அசைக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். முந்தானை தோளிலிருந்து நழுவியதை இடது கையைச் சுற்றிக்கொண்டு போய் இழுத்துவிட்டார். இத்தனையும் பன்னிரண்டு நிமிடத்துக்குள். மகளைப் பற்றிக் கேட்டேன். எட்டாம் மாதம் என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மேலே வந்ததும் அவர் பலகையில் இடது கையை வைத்தார். என் காலை ஒரு பார்வை பார்த்து, "பார்த்தேன்," என்றார். எனக்காகக் காத்திருந்தார்.

நான் கையை வைக்கவில்லை.

"என்ன சார்?"

"சொல்ல முடியாது மேடம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பழி வாங்குதீங்களா?"

"வலது கையத் தூக்குங்க."

"எதுக்கு?"

"சும்மா தூக்குங்க. தலைக்கு மேல."

தூக்கினார். மார்பு உயரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முயன்றார். வரவில்லை. கையை இறக்கிவிட்டு, மைமூன் உட்கார்ந்திருந்த அதே படியில் உட்கார்ந்தார்.

"ஏழு மாசமா வலிக்கு," என்றார். "சீப்பு எடுத்தா தலைக்கு எட்டாது. கழுத்துல ஒரு முடிச்சுப் போட்டுட்டு இருக்கேன். சொன்னா நாள் தொடர்ச்சி போயிரும்லா? மகள்ட்ட போணும்லா? நீங்களும் கவனிக்கல. நல்லதாப் போச்சுன்னுதான் முதல்ல நெனச்சேன்."

"முதல்லன்னா?"

"அப்புறம் ராத்திரி இல்ல, பகல் இல்ல, எந்நேரமும் வலிக்க ஆரம்பிச்சுட்டு. அப்ப தினமும் மூணு தடவ இந்தப் பலகை முன்னால நிக்கையில, இவரு இன்னைக்காவது கண்டுபிடிச்சிர மாட்டாரான்னு இருக்கும். நீங்க பாத்தேன்னு சொல்லிட்டுப் போயிருவீங்க."

ஏழு மாதம். அறுநூறு தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி தூரத்தில் நின்றுதான் சொல்லியிருக்கிறேன். என் கண் நிறைந்துவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை. மறைத்தாலும் அவர் கண்டுபிடித்திருப்பார்.

"எந்திரிங்க," என்றேன். "நான் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலயே எலும்புக்குப் பாக்காங்க."

"உங்க போல்ட்டு?"

"அது கடல்லதான நிக்கி. எங்க போயிரப் போகுது."

கைகொடுத்தேன். இடது கையைத்தான் நீட்டினார், நானும் இடது கையைக் கொடுத்தேன். அவருடைய தடம் அன்றைக்குத் திறக்கவில்லை. நாற்பது கிராமத்துப் பாலை மாற்று ஆள் பார்த்துக்கொண்டார். என் தடம் திறந்து கிடந்தது, நான் உள்ளே போகவில்லை. நாலு மாடியையும் மெதுவாக இறங்கினோம். அவர் என் இடது காலைப் பார்த்துக்கொண்டே வந்தார், நான் அவருடைய வலது தோளைப் பார்த்துக்கொண்டே போனேன்.