எர்த் குழாய்

எழுபத்தாறாம் வருஷம். லிட்டில் அந்தமானின் ஹட் பே ஜெட்டியில் இறங்கி, தன் கையால் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மடியில் வைத்தபடி ஜீப்பில் வந்து சேர்ந்தான் கஸ்பார். பாமாயில் தோட்டத்துக் கொட்டகையில் மைக் செட் போடும் வேலை. வெட்டிய காட்டின் ஈர வாடை இன்னும் போகாத இடம்.

கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் நீலாவதி. அவள் புருஷன் சிவஞானம் மரம் வெட்டுகிறவன். மழைக்கு முன்னால் காணாமல் போனான். இன்னொருத்தியோடு மெயின்லேண்டுக்குக் கப்பலேறிவிட்டான் என்று சொல்லிவிட்டார் காண்ட்ராக்டர் சொக்கலிங்கம். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்குக் குடிசை கிடையாதாம். நாளைக் கப்பலில் அவளும் கிளம்ப வேண்டும்.

ஜெனரேட்டரை ஓட்டினதும் ஸ்பீக்கரில் உம்மென்று இரைச்சல். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியின் வேலை அது என்று கஸ்பாருக்குத் தெரியும். இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிப் பெட்டித் தகட்டின் மூலையில் ஒதுக்கினான். பாதி அடங்கியது. ஹீட்டருக்கு மட்டும் லாரி பேட்டரி கொடுத்தான். இன்னும் கொஞ்சம் மிச்சம். பின்பக்கம் மண் இளகலாக இருந்த இடத்தில் இரும்புக் குழாயை ஆழ அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி எர்த் கொடுத்தான்.

இரைச்சல் சுத்தமாக நின்றது.

இதுவரை அதற்கடியில் அமுங்கிக் கிடந்த இன்னொன்று ஸ்பீக்கரில் கேட்டது. வாயை மூடிக்கொண்டு ஒரு ஆள் முனகுகிற மாதிரி. நடுநடுவே நிறுத்தி, மறுபடியும்.

ஹீட்டர் மூச்சு வாங்காது.

எர்த் கம்பியைக் கழற்றினான். வெறும் இரைச்சல்தான் வந்தது. மாட்டினான். முனகல்.

நீலாவதி விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"எங்க வீட்டுக்காரருண்ணே. கோடாலி போடும்போது இப்படித்தான் முனகுவாரு."

சொக்கலிங்கம் வந்தார். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே பின்பக்கம் போய்க் குழாயைப் பார்த்தார்.

"இங்க எதுக்குய்யா அடிச்ச? பிடுங்கு."

"எங்க அடிச்சா என்ன முதலாளி?"

"சொன்னதச் செய்யி. ஜல்தி."

கஸ்பார் மண்ணைப் பார்த்தான். சுற்றிலும் பழைய வேர்கள் பின்னிக் கிடந்தன. குழாய் இறங்கிய ஆறடி நீளத்துக்கு மட்டும் ஒரு வேர் இல்லை. குழாய் இறுகிப்போச்சு, என்னால் ஆகாது என்று பொய் சொன்னான்.

சொக்கலிங்கமே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. சட்டென்று கையை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் கப்பலில் அவர்தான் ஏறினார். நீலாவதி ஏறவில்லை.

அன்று காலையிலேயே குழாய் தானாக ஒரு சாண் மேலே வந்திருந்தது. யாரும் தொடவில்லை.

நீலாவதி மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

குழாய் இன்னும் ஒரு விரற்கடை எழும்பியது.