வான்பண்புச் செம்மல் வட்டமடித்த காலை

காலைப் பணிக்கு வந்ததும் பேராச்சி முதலில் வானத்துக்கு வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒலிவாங்கி திறக்காது. முத்தூர்க்கரை வான்தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆறு வருடமாக இதுதான் நடைமுறை.

“வணக்கம், வந்தாச்சு” என்றாள். ‘தங்கள் பொன்னான பொழுது இனிதே மலர வேண்டி நிற்கிறோம்’ என்று அது மேலே போயிற்று.

அப்படி மாற்றி அனுப்பியது இன்சொல்லி. 2071-இல் விமானியும் கோபுரமும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. இந்தப் பக்கம் சொன்னதை இன்சொல்லி வாங்கி, கழுவி, பன்னீர் தெளித்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு தேன்குரலில் அந்தப் பக்கம் சேர்க்கும். எப்போதோ ஒரு விமானி கோபுர அதிகாரியிடம் “தூங்குறியாய்யா?” என்று கேட்டுவிட்டதில் துறையின் மனம் புண்பட்டுப்போனது. தலைமை இயக்குநர் முனைவர் ஆளவந்தார் உடனே இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதற்காக ‘வான்பண்புச் செம்மல்’ என்ற பட்டத்தையும் தமக்கே வழங்கிக்கொண்டார். வேறு யாரும் வழங்க முன்வரவில்லை. இன்சொல்லியைத் தாண்டி விமானிக்கு எதையாவது சொல்பவருக்கு அன்றே வேலை போகும்.

இன்று அந்தச் செம்மலே வருகிறார். அவரையும் நூற்று நாற்பது பயணிகளையும் சுமந்த விமானம் முக்கால் மணி நேரமாகத் தலைக்குமேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. காரணம் அவருடைய வரவேற்புதான். பந்தலைக் கடற்காற்று பிய்த்து ஓடுபாதைக்குக் குறுக்கே எறிந்துவிட்டது. ஒரு வழியாக அதை அகற்றியாயிற்று. இப்போது வரவேற்புக் குழுவினர் அதே ஓடுபாதையில் செங்கம்பளத்தின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்கள்.

“தரையிறங்க அனுமதி கிடைப்பின் மகிழ்வோம்” என்றது ஒலிபெருக்கி.

“அவசரமில்லன்னு சொல்லுதாவ” என்றார் பக்கத்து மேசை ஜெபசிங், முறுக்கைக் கடித்தபடி.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. “தரையிறங்க அனுமதி கிடைப்பின் பெரிதும் மகிழ்ந்து நெஞ்சார நன்றி நவில்வோம்.”

உடனே மறுபடியும். “தரையிறங்க அனுமதி கிடைப்பின், கூப்பிய கரங்களோடும் கசிந்த விழிகளோடும் எங்கள் ஏழு தலைமுறையும் தங்களை வாழ்த்தி வணங்கும்.”

பேராச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஜெபசிங், ஒவ்வொரு தடவையும் நீளுது பாத்தீரா?”

“மரியாத கூடுது. செம்மல் உள்ள இருக்காருல்லா.”

“மரியாதய இந்த மெசினு எங்கேருந்து எடுக்கும்? வசவ அழிச்சுட்டு அந்த எடத்த நன்றியால ரொப்பும். வசவு கூடக்கூட நன்றியும் கூடும். மேல இருக்க ஆளு வாய்க்கு வந்தபடி ஏசுதாரு வே!”

முறுக்கு ஜெபசிங்கின் வாயிலேயே நின்றது. “எதுக்கு ஏசணும்?”

“முக்கா மணி நேரமா சுத்துத பிளேன்ல என்ன தீரும்?”

ஒலிவாங்கியை அழுத்தினாள். “எரிபொருள் எத்தனை நிமிஷத்துக்கு இருக்கு? உடனே சொல்லுங்க!” திரையில் அது உருமாறி ஓடியது: ‘தங்கள் நலமறிய ஆவல். ஓய்வாக விடை தருக.’

மேலிருந்து விடை வந்தது. “வான்பண்புச் செம்மல் தங்கள் அனைவரையும் ஆயிரம் முறை வாழ்த்துகிறார்.” விமானி அறைக்குள் புகுந்து செம்மலே அலறிக்கொண்டிருக்கிறார் என்பது பேராச்சிக்குப் புரிந்தது. தாம் பெற்ற இயந்திரம் தம் அலறலையும் வாழ்த்தாக்கி அனுப்புவது அவருக்குத் தெரிந்திருக்காது.

கோபுரத்துக் கூரைக் கொக்கியில் ஒரு விளக்குத் துப்பாக்கி தொங்கியது. வானொலி செத்துப்போனால் விமானத்துக்கு ஒளியால் குறி காட்டும் பழைய ஏற்பாடு. சிவப்பு என்றால் சுற்றிக்கொண்டிரு, அசையாத பச்சை என்றால் இறங்கு. இந்த விளக்கையும் பண்படுத்த ஒரு குழு அமைத்திருந்தார்கள். நல்லவேளையாகக் குழு இன்னும் கூடவில்லை.

பேராச்சி அதை எடுப்பதைப் பார்த்து ஜெபசிங் பதறினார். “யக்கா, வேல போயிரும்!”

“போவட்டும். நீரு கீழ ஓடும். ஜீப்ப எடுத்துக் கம்பளத்த இழுத்துட்டுப் போயிரும். அதுமேல நிக்கவங்கள வெரட்டும்!”

ஜெபசிங் ஓடினார். ஜீப்பில் கட்டிய கம்பளம் பாம்பாக நெளிந்து போக, பன்னீர்ச் சொம்பும் சந்தனக் கிண்ணமும் உருள, வரவேற்புக் குழு புல்வெளிக்குள் பாய்ந்தது. பாதை வெறிச்சென்று ஆனதும் பேராச்சி சன்னலைத் திறந்தாள். விளக்கை விமானத்தின் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பச்சையை அழுத்தினாள். ஒளி அசையாமலிருக்க முழங்கையைச் சன்னல் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள்.

விமானம் இடது இறக்கையைத் தாழ்த்தியது. பிறகு வலது. மறுபடியும் இடது, வலது. புரிந்துகொண்டதாகப் பகலில் விமானிகள் காட்டும் குறி அது. ஆறு வருடத்தில் வானத்திலிருந்து பேராச்சிக்குக் கிடைத்த முதல் நேரான பதில். “வாங்க, வாங்க” என்று தனியாகக் கத்தினாள்.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஓட்டம் நிற்பதற்குள் ஓர் எஞ்சின் அணைந்தது. நின்றதும் மற்றொன்றும் அணைந்தது. நூற்று நாற்பது பேரும் தங்கள் கால்களால் நடந்து இறங்கினார்கள். செம்மல் மட்டும் ஓடுபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். வரவேற்புரையோடு நெருங்கியவரிடம் “தண்ணி இருக்கா?” என்று கேட்டார். அவர் வாழ்நாளில் சொன்ன மிகத் தெளிவான வாக்கியம் அது.

அந்த வாரமே இன்சொல்லியை நிறுத்தினார்கள். நேர்ப்பேச்சு தம் இளமைக்காலக் கனவு என்று அறிவித்து, ஆளவந்தார் ‘வாய்மைச் செம்மல்’ ஆனார். பேராச்சியின் பணிநீக்க ஆணை தட்டச்சாகி முடிந்திருந்தது. அவசரமாகத் தலைப்பை மட்டும் மாற்றி அடித்துவிட்டு, அதையே பாராட்டுப் பத்திரமாகக் கொடுத்தார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்று காலை, பயணிகள் இறங்கி முடித்த சற்று நேரத்தில் கோபுரப் படிகளில் தடதடவென்று காலடிகள் கேட்டன. கதவை உதைத்துத் திறந்துகொண்டு விமானி உள்ளே வந்தாள்: கேப்டன் ரோஸ்லின். ஆறு வருடமாகப் பேசிய ஆள் ஒரு பெண் என்பதே பேராச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது. கரகரத்த குரல், கடற்கரைப் பேச்சு.

“ஏட்டி, கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு? எண்ணெ இல்ல, எண்ணெ இல்லன்னு தொண்ட கிழியக் கத்துதேன், நலமறிய ஆவலாம்லா ஆவல்! நூத்து நாப்பது உசுரு மேல தொங்குது, இங்க கம்பளம் விரிச்சு வெளையாடுதிய!”

மூச்சு வாங்காமல் திட்டினாள். ஒவ்வொரு சொல்லும் அதனதன் சூட்டோடு வந்து விழுந்தது; எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. ரோஸ்லின் களைத்து நாற்காலியில் சாய்ந்ததும், பேராச்சி அவளுடைய கையைப் பற்றிக்கொண்டாள்.

“முடிஞ்சிட்டா தாயி? பாக்கி இருந்தா அதையும் சொல்லிரு. மேலேருந்து ஒரு மனுசக் கொரலு கேட்டு ஆறு வருசமாச்சு.”

ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இருக்கு” என்றாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.