கேம்ப் ரோடு போர்டில் பெயர் மாறிய புரோகிராம்

தபீதாள் வீட்டு வாசலில் யாராவது அவசரமாகச் செருப்பைக் கழற்றினால் அந்தத் தெருவில் ஜன்னல்கள் தாமாகத் திறந்துகொள்ளும். 1995-இல் ஒரு சனிக்கிழமை காலை மெஹர் பானு வந்தபோது எல்லா ஜன்னல்களும் திறந்தன.

தபீதாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டே சம்பளம் வாங்கினவர் என்று சேலையூரில் சொல்வார்கள். அது பொறாமை. ஆனால் ஒருமுறை காதில் விழுந்த வார்த்தையை அவர் மறப்பதில்லை என்பது நிஜம். மாடியில் குடியிருந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தோத்தாத்ரி, துப்புத் துலக்க ஒரு கேஸ் வந்துவிட்டது என்று இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

"ஆன்ட்டி, ஆணத்தை அடுப்புல வச்சுட்டு ஓடி வந்திருக்கேன். சீக்கிரமா சொல்லிடறேன்."

"ஆனா, ஆவன்னா எல்லாம் அப்புறம். விஷயத்துக்கு வாம்மா" என்றார் தோத்தாத்ரி.

விஷயம் இதுதான். மெஹர், சம்பந்தம் என்பவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லித்தருபவள். எண்ணைக் கொடுத்தால் அதைத் தமிழ் வார்த்தைகளில் எழுதித்தரும் ஒரு சின்னப் புரோகிராம் எழுதியிருந்தாள். ஜவுளிக்கடை பில், காசோலை, எதில் வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம். அதைக் கேம்ப் ரோடு அரிகிருஷ்ணனின் போர்டில் போட நினைத்திருந்தாள். போர்டு என்றால் பலகை இல்லை. அவர் வீட்டில் டெலிபோன் லைனில் மாட்டிய ஒரு கம்ப்யூட்டர். மோடம் வைத்திருப்பவர்கள் டயல் செய்து, தாங்கள் எழுதியதை ஏற்றுவார்கள். பிறர் எழுதியதை இறக்கிக்கொள்வார்கள். எல்லாம் இலவசம். ஒரே விதி, எழுதியவர் பெயர் மேலே இருக்க வேண்டும்.

"நான் டயல் பண்ணிப் பார்த்தா, என்னோடது ஏற்கெனவே அங்க இருக்கு. மேல குப்புராஜ் பேர்!"

குப்புராஜ் செம்பாக்கத்துக்காரன், அதே சென்டரில் இன்னொரு வாத்தியார். கேட்டால், நீதான் திருடினாய் என்கிறானாம். 'நாளைக்குள்ள நிரூபிக்கலைன்னா திங்கட்கிழமை வராதே' என்று சொல்லிவிட்டார் சம்பந்தம்.

"ஃபைல்ல தேதி இருக்குமே!" என்று குதித்தார் தோத்தாத்ரி.

"1980 ஜனவரி ஒண்ணு சார். சென்டர் கம்ப்யூட்டர்ல பேட்டரி செத்துப்போய் கடிகாரம் நின்னுடுச்சு. எந்த ஃபைல் எழுதினாலும் அந்தத் தேதிதான்."

"அப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்திருப்பே. குப்புராஜும்தான்" என்று வருத்தப்பட்டார் தோத்தாத்ரி.

தபீதாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போர்டுல அவன் ஏத்தினதை யாராவது மாத்த முடியுமா?"

"அரிகிருஷ்ணன் சாரைத் தவிர யாராலும் முடியாது, ஆன்ட்டி. அவர் தொடவே இல்லைன்னு சொன்னார்."

ஞாயிற்றுக்கிழமை அரிகிருஷ்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். போர்டில் இருந்ததை அவர் அச்செடுத்துக் கொடுத்தார். தபீதாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல பேரா போட்டிருக்கு. அரிசின்னு ஒரு பகுதி. அப்படின்னா என்ன தம்பி?"

குப்புராஜ் தயாராக வந்திருந்தான். "நாம குடுக்கற நம்பர், மேடம். அது வெந்து வார்த்தையா வந்தா சோறு. சிம்பிள்."

சம்பந்தம் தலையாட்டினார். மெஹரின் முகம் சுருங்கியது. திறமையான பதில்தான், திருடனுக்குப் படிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

"அடுத்தது" என்று, டிரங்க் கால் போடுகிறவர் போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார் தபீதாள். "ஏ, ஏ, என், ஏ, எம்."

"அது வந்து... அன்னம், மேடம். டைப் அடிக்கறப்ப கை ஸ்லிப் ஆயிகீது."

"அன்னம்னா?"

"இன்னா மேடம், சோறுதான்."

"சோறுன்னு தனியா ஒண்ணு இருக்கே. சோத்து மேல சோத்தையே ஊத்துவீங்களா, உங்க வீட்ல?"

தபீதாள் திரும்பினார். "மெஹர், நேத்து அடுப்புல எதை வச்சுட்டு வந்தே?"

"ஆணம், ஆன்ட்டி." சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. "ஐயோ!"

"இவங்களுக்குச் சொல்லு."

"குழம்பு. எங்க ஆளுங்க வீட்ல ஆணம்னுதான் சொல்லுவோம். ஆயிரம், ஐந்நூறுன்னு வார்த்தைங்க உதிரிச் சோறு மாதிரி நிக்கும். 'ஆயிரத்து ஐந்நூறு'ன்னு சேரணும்னா நடுவுல எதையாவது ஊத்திப் பிசையணும்ல? அதான் ஆணம். தினமும் வாயில வர்ற வார்த்தை, அது சாட்சியாகும்னு தோணவே இல்லை."

"இது குப்புராஜ் ஏத்தின பிரதி. வேற யார் கையும் படலை" என்றார் தபீதாள். "தான் ஊத்தினதாச் சொல்ற குழம்புக்கே பேர் தெரியாதவன் இதைச் சமைச்சிருக்க முடியாது."

"அட, ஆணம்!" என்று தொடையில் தட்டினார் தோத்தாத்ரி. "எனக்குக் காதுலயே விழுந்துதே!"

"விழுந்தது. நீங்கதான் ஆனா ஆவன்னான்னு தள்ளிவிட்டீங்க."

குப்புராஜ் முனகினான். "ஒரு பேருக்கு இவ்ளோ பேஜாரா? அவங்கதான் எல்லாருக்கும் சும்மா குடுக்கப் போறாங்களே."

"சும்மா குடுக்கறது புரோகிராமைத்தான்" என்றாள் மெஹர். "பேரை இல்லை."

அரிகிருஷ்ணன் கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினார். குப்புராஜே தன் பெயரை அழித்து அவள் பெயரை அடித்தான். சம்பந்தம் சுவரைப் பார்த்தபடி, "நாளைக்கு டயத்துக்கு வந்துடும்மா" என்றார்.

அடுத்த மாதம் போர்டில் அதே புரோகிராம் இன்னொரு முறை ஏறியது. சொல்ல மெஹர் ஓடி வந்தாள், ஜன்னல்கள் மறுபடி திறந்தன. மறுபடியும் திருட்டோ என்று தோத்தாத்ரி படியில் தாவினார். ஏற்றியவர் ஊரப்பாக்கத்தில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர். கோடி வரை எண்ணும் பகுதி ஒன்றைச் சேர்த்து, கீழே எழுதியிருந்தார்:

'ஆணத்துக்கு அப்புறம் கொஞ்சம் ரசம் ஊற்றியிருக்கிறேன். மேலே இருக்கும் மெஹர் பானு என்ற பெயரைத் தொடவில்லை.'