மூடியில் ஒட்டிய குரல்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. நண்பகல் முதல் விடாத மழை. காற்று சிறிதும் இல்லை. மாலையானதும் குளிர் தரையிலிருந்து மேலேறத் தொடங்கியது.

குரும்பலூர் வீட்டின் வாசலில் நின்றபடியே பக்கத்து வீட்டு ஜோதி மருந்துப் பையை நீட்டினாள். பெரம்பலூர் துணிக்கடையில் வேலை முடித்துத் திரும்பும் வழியில் வாங்கி வந்திருந்தாள்.

"டீச்சர், மாத்திரையும் பேனாவும் உள்ள இருக்கு. வெங்காயம் குவிச்சு வெச்ச பட்டற நனையுது, தார்ப்பாய் போடணும். வரேன்."

"மருந்துக்கடைக்காரரு ஏதும் சொன்னாராடி?"

அதற்குள் ஈரச் செருப்பின் ஓசை தெருவில் ஓடி மறைந்தது.

வளர்மதி கதவைத் தாழிட்டாள். பார்வையற்ற அவள் இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் இசை கற்பித்தவள். காதே அவளுக்கு உலகம். இதய மாத்திரை தீர்ந்துபோனதால் காலை வேளை தவறிவிட்டது. நெஞ்சு பிற்பகலிலிருந்தே தாளம் தப்பித் துடித்தது. இரவு வேளையான ஏழு மணியும் தவறக் கூடாது.

பையிலிருந்து குப்பியை எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தடவினாள். பேசும் பேனாவை அதன்மேல் வைத்தால், மருந்துக்கடைக்காரர் கொளஞ்சியப்பன் பதிந்த குரல் மருந்தின் பெயரையும் வேளையையும் சொல்லும். பதிந்ததை நோயாளி ஒருமுறை கேட்டு, "சரி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே குப்பியைக் கொடுப்பது அவர் வழக்கம்.

பேனாவை வைத்தாள்.

"காலையில ஒண்ணு. ராத்திரி ஒண்ணு. சாப்பிட்ட பெறகு."

கம்மிய, ஈரமான குரல். சளி பிடித்திருக்கும் என்று எண்ணினாள். ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. அவருடைய பதிவில் எப்போதும் பழைய பேருந்து நிலையத்தின் இரைச்சல் இருக்கும், அரியலூர் பேருந்துக்கு ஆள் கூவும் குரல் இருக்கும். இதில் அவை இல்லை. மருந்தின் பெயரும் இல்லை.

மீண்டும் வைத்தாள். இம்முறை சொற்களை விட்டுவிட்டு, அவற்றின் பின்னால் இருந்ததைக் கேட்டாள். ஒரு கடிகாரம் ஓடிற்று. இரண்டு துடிப்பு விரைவாக, மூன்றாவது சற்றுத் தாமதமாக. நொண்டி நடக்கும் கடிகாரம். அதனுடன், பித்தளைக் குண்டானில் நீர் சொட்டும் ஓசை.

அந்தக் கடிகாரம் அவள் தலைக்கு மேல், இதே சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குண்டான் அவளுடைய சமையலறைக் குழாயின் கீழ் இருந்தது.

கைப்பேசியில் கடைக்கு அழைத்தாள்.

"கொளஞ்சியப்பா, நீங்கதான பதிஞ்சீங்க?"

"என்ன டீச்சர், பாட்டு வாத்தியாருக்கே வெளாட்டா? நீங்க வந்து கேட்டு சரின்னு சொல்லாம நான் என்னைக்குப் பதிஞ்சிருக்கேன்? வெறும் ஸ்டிக்கர்தான் ஒட்டிவிட்டேன். நாளைக்கு வாங்க, பதிஞ்சு தரேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே."

"இதுல ஒரு குரல் இருக்கு."

"குரலா? டீச்சர், எதையும் போட்டுடாதீங்க, நான் இப்பவே..."

தொடர்பு அறுந்தது. அதே கணத்தில் மின்சாரமும் போயிற்று. குளிர்பதனப் பெட்டியின் முனகல் அடங்கிய பின், வீட்டுக்குள் கடிகாரமும் சொட்டும் நீரும் மட்டும் எஞ்சின. பிறகு மூன்றாவதாக ஒரு வாடை. கிணற்றுச் சேற்றின் வாடை.

அந்த வாடையை அவள் அறிவாள்.

சென்ற ஆண்டு வரை இவ்வீட்டில் இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்று அவளுடைய இதய மாத்திரை. மற்றது, அவளைப் போலவே பார்வையற்ற கணவர் அய்யம்பெருமாளின் சர்க்கரை மாத்திரை. அப்போது ஸ்டிக்கர்கள் மூடியில் ஒட்டப்பட்டிருந்தன. ஒருநாள் அவள் குப்பிகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டாள்.

"வளரு, மாத்திர சின்னதா இருக்கே," என்றார் அவர்.

"மாசத்துக்கு ஒரு கம்பெனி மாத்துறான். பேனா சொல்லுதுல்ல? முழுங்குங்க."

மூன்றாம் நாள் அவர் நெஞ்சு நின்றது. அந்த நாட்களில் தான் விழுங்கியவை பெரிய மாத்திரைகள் என்பது நினைவுக்கு வந்து, உண்மை புரிந்த அன்று அவருடைய குப்பியைக் கொல்லைக் கிணற்றில் எறிந்தாள். எவரிடமும் சொல்லவில்லை. இனி அடியில்தான் ஒட்ட வேண்டும் என்று கடையில் கேட்டுக்கொண்டாள். காரணம் கூறவில்லை.

நெஞ்சு ஒருமுறை துடிக்க மறந்து, பின் இருமுறை துடித்தது. மாத்திரை வேண்டும். ஜோதி கொண்டுவந்த குப்பியில் இருப்பது தன் மருந்தேதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேசைமேல் கையை நீட்டினாள்.

இரண்டு குப்பிகள் இருந்தன.

இரண்டும் ஒரே உயரம். இரண்டும் ஈரம். இரண்டிலும் மூடி இல்லை. கவிழ்த்து அடியைத் தடவினாள். வழவழப்பு. இரண்டிலுமே ஸ்டிக்கர் இல்லை.

மூடிகள் மேசையின் எதிர்ப்பக்கம் உருண்டன. மெல்ல. ஒன்றைச் சுற்றி ஒன்று. யாரோ விரலால் இடம் மாற்றுவது போல.

"யாரது?"

நீர் சொட்டியது. குழாயிலிருந்து அல்ல. எதிர் நாற்காலியிலிருந்து.

பேனா அவள் கையில் இல்லை. மேசைக்கு அப்பால் அது ஒரு மூடியைத் தொடும் சிறு ஓசை கேட்டது.

"இது வளரோடது."

மற்றொரு மூடி.

"இதும் வளரோடது."

எழ முயன்றாள். இடது மணிக்கட்டை ஒரு கை பற்றியது. குளிர்ந்த கை. நீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். உள்ளங்கையில் ஒரு மாத்திரை விழுந்தது. சின்னது. இன்னொன்று. அதுவும் சின்னது. இன்னொன்று. இன்னொன்று.

"இது வேண்டாங்க," என்றாள். "தெரியாமப் பண்ணிட்டேங்க."

கை அவள் கையை வாய்வரை உயர்த்தியது. உதட்டில் சேற்றின் சுவை.

பேனா மீண்டும் தொட்டது. இம்முறை அதிலிருந்து வந்தது அவளுடைய குரல். பாடிப் பழகிய, தெளிவான குரல்.

"சரி."

அவள் வாய் திறக்கவில்லை. இன்னும் திறக்கவில்லை.

காதருகே ஈர மூச்சு.

"பேனா சொல்லுதுல்ல, வளரு? முழுங்கு."

நொண்டிக் கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. ஏழாவது அடியுடன், அவள் நெஞ்சோடு அதுவும் நின்றது.

மணி சரியாக ஏழு.