வெளிர் நிறம் வேண்டாம்

கம்பிச்சுருள் இல்லை, வயர் இல்லை. குளிர்காயும் ஹீட்டரிலிருந்து தனியாகக் கழற்றிக் கொண்டுவந்த வெறும் தகரக் கூடு. அது எப்படி வெதுவெதுப்பாக இருக்கும் என்று பெயிண்டர் இன்னொரு முறை புறங்கையை வைத்துப் பார்த்தார். இருந்தது, தூங்கும் பூனையின் வயிறு மாதிரி. வெயில் பட்டிருக்கும் என்று உதட்டைச் சுழித்தார். காலையிலிருந்து வெயிலே இல்லை, விடாத மழை.

முந்தாநாள் அதைக் கொண்டுவந்தவள் நடுத்தர வயதுப் பெண்.

"கறுப்பா அடிச்சுக் குடுங்க. வெளிர் நிறம் மட்டும் வேண்டாம்."

"கறுப்பு அடிக்க நான் எதுக்கும்மா? அடுப்புல காட்டினாலே ஆயிடுமே."

"மாமியார் சாகிற வரைக்கும் இதைத்தாங்க கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. குளுருது, குளுருதுன்னு. வெளிர் நிறம்னா தெரியும்."

"என்ன தெரியும்?"

அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹீட்டருக்கும் துக்கம் காக்கும் குடும்பம் என்று அவர் தனியாகச் சிரித்தார். பைக் டேங்கில் பாயும் புலி, ஹெல்மெட்டில் தீப்பிழம்பு என்று வரைந்து பேர் வாங்கியவர் அவர். பட்டறைக்கு வருகிற கூட்டமோ முக்கால்வாசி கண்ணிருந்தும் குருடு. கழுதைக்கு எங்கே தெரியும் கற்பூர வாசனை? உப்புத்தாளால் பழைய கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, நேற்றே யானைத் தந்தம் போன்ற வெளிர் நிறம் அடித்துவிட்டார். பார்த்தால் வாயைப் பிளக்கட்டும்.

இப்போது, தகரக் கூரையில் மழை ஒரே சுருதியில் இரைய, தின்னர் வாசனைக்கு அடியில் மயிர் பொசுங்கும் நாற்றம் ஒன்று மெல்ல ஊர்ந்து வர, விளக்கைத் தாழ்த்திக் கூட்டின் முன்பக்கத்தைப் பார்த்தவர், அந்தத் தந்த நிறத்தில் இரண்டு பழுப்புக் கறைகளைக் கண்டார். உள்ளங்கைகள். சிறியவை. மூட்டு வாதம் வந்தது போல விரல்கள் கோணியிருந்தன.

"எந்த நாய்டா கைய வச்சது?" என்று காலிப் பட்டறையில் கத்தினார். விரலால் தேய்த்தார். அழியவில்லை. கறை பெயிண்டின் மேல் இல்லை; அடியிலிருந்து தீய்ந்து வந்திருந்தது.

தேய்த்தார். மறுபடி அடித்தார். ஈரம் காய்வதற்குள் அதே இடத்தில் பழுப்பு ஊறியது. இந்த முறை விரல்கள் அகல விரிந்திருந்தன.

போனை எடுத்து அந்தப் பெண்ணை அழைத்தார். "என்னம்மா மட்டமான தகரத்தைக் குடுத்திருக்கீங்க? என் பெயிண்ட்டே கறுத்துப்போகுது."

"வெளிர் நிறமா அடிச்சீங்க?"

"அதை விடுங்க."

"உள்ளே இருக்கிற சுருள் எங்க வீட்லல்ல கெடக்கு?" அவள் குரல் இறங்கியது. "அங்க சூடா வேற என்ன இருக்கு?"

"சூடா? ஒண்ணும் இல்ல. நான் ஒருத்தன்தான் இருக்கேன்."



"அப்போ உடனே வெளிய போயிடுங்க அண்ணே."

"கிறுக்குக் குடும்பம்" என்று போனை மேசையில் எறிந்துவிட்டுத் திரும்பினார். கூடு பளிச்சென்று இருந்தது. ஒரு கறை இல்லை. தொட்டார், பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. வெற்றிச் சிரிப்பு ஒன்று வந்தது அவருக்கு. பார்த்தாயா, என் கை வேலை!

சிரிப்பு பாதியில் பற்களில் தட்டியது.

குளிர். முதுகில் இல்லை. காலில் இல்லை. நெஞ்சில் மட்டும்.

கதவு நாலடி தூரம்தான். நகர முடியவில்லை. எதுவும் பிடித்து இழுக்கவில்லை. ஏதோ சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். எடையே இல்லாமல். நடுங்கிக்கொண்டு.

பொசுங்கும் நாற்றம். மூக்குக்குக் கீழே.

குனிந்தார். வெள்ளைப் பனியனில், மார்பின் இரு பக்கமும், விரல் விரலாகப் பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு கைகள். அவற்றுக்கு நடுவே, சுகமாகச் சாய்த்து வைத்தது போல, மெதுவாக, ஒரு கன்னம்.