வியாழக்கிழமை பெட்ரோல்!

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, திருக்காட்டுப்பள்ளி ஹாஜா மைதீன் ராவுத்தர் வீட்டு கார் கொட்டகையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு ஊரில் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள்.

ராவுத்தர். வயது அறுபத்தெட்டு. முதுகு இன்னும் வளையவில்லை.

வீட்டுக்குள் போகும் கதவுக்குப் பின்னால் அவருடைய விதவைத் தங்கை ஆசியா.

டிரைவர் காத்தான்.

கும்பகோணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த மெக்கானிக் வைத்தியலிங்கம்.

அப்புறம்... காரின் பின்ஸீட்டில், பச்சைத் திரைக்குள், வெள்ளைத் துப்பட்டியால் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு இன்னும் இரண்டு பேர்.

அந்த இரண்டு பேரும் மூச்சு விடவில்லை!

அது ராவுத்தருக்குத் தெரியாது. தெரிய வழியுமில்லை. அந்த வீட்டில் திரை போட்ட காருக்குள் எந்த ஆண்பிள்ளையும் எட்டிப் பார்த்ததில்லை. டிரைவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைக் கூட வண்டி வாங்கிய வருஷமே ராவுத்தர் கழற்றி எறிந்துவிட்டார்.

"மேலத்தெரு பொம்பளைங்க ரெண்டு பேரும் ஏறி உக்காந்துட்டாங்கண்ணே..." கதவிடுக்கிலிருந்து ஆசியாவின் குரல் வந்தது. "திருச்சி தர்காவுக்கு நேரமாச்சு. வண்டியை நாளைக்குப் பாத்துக்கலாமே?"

"நாளைக்கு வேற டிரைவர்!"

ராவுத்தர் கையிலிருந்த மூங்கில் குச்சியைக் காத்தானின் மூக்குக்கு நேரே நீட்டினார். தினமும் விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, அந்தக் குச்சியை பெட்ரோல் டாங்கில் விட்டு ஈரம் பார்ப்பார். நாலு மாதமாக, வியாழன் போய் வெள்ளி வந்தால் குச்சி அடியில்தான் நனைந்தது.

"லிட்டருக்கு ஆறு மைல் ஓடுன வண்டி. இப்ப நாலு! பெட்ரோல் விக்கிற விலையில மீதியை எவன்டா குடிக்கிறான்?"

காத்தான் தரையைப் பார்த்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? இன்னும் ஒரு மணி நேரத்துல சப்-இன்ஸ்பெக்டர் வர்றாரு. போன் பண்ணியாச்சு. அவர்கிட்ட சொல்லு!"

கதவுக்குப் பின்னால் வளையல்கள் சட்டென்று குலுங்கி ஓய்ந்தன.

"போலீஸா...? எதுக்குண்ணே போலீஸு?"

"திருட்டுக்கு! என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் வண்டியிலயே கை வச்சிருக்கான்."

வைத்தியலிங்கம் பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார். வாயில் வெற்றிலை.

"பாய், திருட்டுன்னு முடிவு பண்ணிட்டா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? வண்டியும் வாயைத் தொறந்து சொல்லும். கொஞ்சம் பொறுங்க."

"சொல்லச் சொல்லு."

பிளக்கைக் கழற்றினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கரி புடிக்கல. கார்புரேட்டர் சுத்தம்."

டாங்குக்கு அடியில் விரலால் தடவி முகர்ந்தார்.

"ஒழுகல. டாங்கு மூடியில ரப்பர் குழாய் போட்ட கீறலும் இல்ல. உறிஞ்சி எடுத்திருந்தா கீறல் இருக்கும்."

"அப்ப?"

வைத்தியலிங்கம் எழுந்தார். முன் டயரில் காற்று அளந்தார். பின் டயரில் அளந்தார். மறுபடியும் முன் டயருக்கு வந்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"முன்னால இருபத்துநாலு. பின்னால முப்பத்தாறு! காத்தான்... பின்னால இவ்வளவு காத்து யார் அடிக்கச் சொன்னது?"



"நான்தாண்ணே... ரோடு மோசம்..."

"ரோடு மோசம்னா காத்தைக் குறைப்பாங்கடா!"

காருக்குப் பின்னால் குனிந்தார் வைத்தியலிங்கம். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் வில்லாக வளைந்திருக்க வேண்டியவை. ரூல்தடிபோல நேராகக் கிடந்தன! ஒன்றில் வெடிப்பு.

"பாய், இந்த வண்டி பெட்ரோலைக் குடிக்கல. எதையோ சுமக்குது."

"என்னத்தைச் சுமக்குது? என் தங்கச்சியும் ரெண்டு பொம்பளையும்தான் போறாங்க."

"ரெண்டு பொம்பளையா, ரெண்டு ஆனையா?"

"வைத்தியலிங்கம்!"

கொட்டகை அதிர்ந்தது. ராவுத்தர் முகம் சிவந்துவிட்டது.

"அடக்கமா உக்காந்திருக்கிற பொம்பளைங்களைப் பத்தி என் வாசல்ல நின்னுக்கிட்டு இப்படிப் பேசாதே. நாலு தலைமுறையா எங்க வீட்டு வண்டியை எந்தச் செக்போஸ்ட்டும் நிறுத்தினதில்ல. திரையைப் பாத்ததும் கட்டையைத் தூக்கிடுவான்."

"தப்பு பாய். வாய் தவறிடுச்சு." வைத்தியலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பட்டையைச் சரியாப் பாக்கணும். அம்மாங்களை ஒரு நிமிஷம் இறங்கச் சொல்லுங்களேன்?"

"வெளியாள் முன்னால எப்படி இறங்குவாங்க?" ஆசியா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"சரிம்மா. அப்படியே ஜாக்கி போட்டுத் தூக்குறேன்."

"வேணாண்ணே!" என்றான் காத்தான். அன்று அவன் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஜாக்கி முனகியது. வண்டியின் பின்பக்கம் ஓர் அங்குலம் எழும்பியது. இரண்டு... மூன்று... வண்டி வலப்பக்கம் சாய்ந்தது.

கார்க் கதவு படாரென்று திறந்தது!

வெள்ளைத் துப்பட்டி போர்த்திய உருவம் ஒன்று பச்சைத் திரையையும் இழுத்துக்கொண்டு தலைகுப்புறத் தரையில் விழுந்தது!

"அல்லாவே!" என்று அலறினாள் ஆசியா.

அடுத்த வினாடி ராவுத்தர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்நியப் பெண் விழுந்து கிடக்கிறாள். பார்க்கக் கூடாது! வைத்தியலிங்கமும் அவசரமாகத் திரும்பினார். காத்தானும் திரும்பினான்.

மூன்று ஆண்களும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"ஆசியா, போய்த் தூக்கு! அடி பட்டுச்சா பாரு!"

பதில் இல்லை.

"அம்மா... அடி ஏதும் படலையே?" ராவுத்தர் சுவரைப் பார்த்தே கேட்டார்.

விழுந்தவளும் பதில் சொல்லவில்லை. முனகல் கூட இல்லை.

ராவுத்தரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. செத்துவிட்டாளா...? தன் கொட்டகையிலா? ஒரு குடும்பத்துப் பெண்ணா?

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

வைத்தியலிங்கம்தான் முதலில் கழுத்தைத் திருப்பினார்.

"பாய்... நீங்களும் திரும்பலாம். தப்பில்ல."

"என்ன?"

"கோழி அந்த அம்மாவைக் கொத்தித் தின்னுது."

ராவுத்தர் திரும்பினார்.

கிழிந்த துப்பட்டிக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று அரிசி கொட்டிக்கொண்டிருந்தது!

வைத்தியலிங்கம் டிக்கியைத் திறந்தார். "இங்க இன்னும் நாலு பேர் படுத்திருக்காங்க."

தஞ்சாவூர் ஜில்லா அரிசியை ஜில்லா எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தடை இருந்த காலம் அது. ஒரு மூட்டை பிடிபட்டாலும் வண்டி போகும். மானமும் கூடவே போகும். ராவுத்தர் வீட்டுத் திரையோ கல்லணை ரோட்டில் வியாழன் தவறாமல் போய்வந்திருக்கிறது!

"யார் வேலை?" அவர் குரல் கீழே இறங்கிவிட்டது.

"நான்தான் மொதலாளி," என்றான் காத்தான். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. போலீஸ் வந்ததும் என்னைப் புடிச்சுக் குடுத்துடுங்க. ஆறு மாசம்தானே..."

"சும்மா இரு காத்தான்."

ஆசியா வெளியே வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். வெளியாள் முன்னால் அவள் வந்து நின்றது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

"அரிசி என்னுது. எம் பொண்ணு ஹமீதா பானுவோட புருஷன் திருச்சியில சோத்துக்கடை வச்சிருக்காரு. அங்க அரிசி கிடைக்கல. கடையை மூடுற நெலமை. அவ வயித்தைப் பாக்குறதா, உங்க கௌரவத்தைப் பாக்குறதா?"

"என் பத்தாயத்து நெல்லை எடுத்து..."

"உங்க நெல்லா? தோப்புக்குத் தெக்க ஒன்பது ஏக்கர் யார் பேர்லண்ணே இருக்கு?"

ராவுத்தர் கையிலிருந்த குச்சி தாழ்ந்தது.

"நில உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப, மிஞ்சுனதைச் சர்க்கார் எடுத்துக்கும்னு எம் பேர்ல எழுதுனீங்க. பேரு என்னுது. நெல்லு உங்க பத்தாயத்துல. எம் பொண்ணுக்குன்னு ஒரு மரக்கா அளந்து குடுத்தீங்களா?"

"கேட்டியா நீ?"

"கேட்டாத்தான் குடுப்பீங்கன்னா அது என்ன என் நெலம்?"

ராவுத்தர் காத்தான் பக்கம் திரும்பினார். "ஆறு மூட்டைக்கா இவ்வளவு பெட்ரோல்?"

"மூட்டை மட்டும் இல்ல மொதலாளி..." காத்தான் தலையைச் சொறிந்தான். "வேகமாப் போனா வளைவுல இவங்க ரெண்டு பேரும் அம்மா மேல சாஞ்சுடுறாங்க. அதான் போகும்போதெல்லாம் ரெண்டாவது கியர்லயே..."

"அங்கதான் போச்சு பெட்ரோலு!" தொடையில் தட்டிக்கொண்டார் வைத்தியலிங்கம். "நான் எஞ்சினைப் போய்ச் சந்தேகப்பட்டேன்!"

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம்!

சப்-இன்ஸ்பெக்டர் கலியபெருமாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்தார். காரைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். அரிசியைப் பார்த்தார்.

"பாய்... பெட்ரோல் திருட்டுன்னுல்ல போன்ல சொன்னீங்க?"



ராவுத்தர் மனசு தறிகெட்டு ஓடியது. காத்தான் கையை நீட்டத் தயாராக நிற்கிறான். ஒரு தலையசைப்பு போதும், அவன் போய்விடுவான். ஆனால் செய்யாத தப்புக்கு ஒருத்தனைப் பிடித்துக் கொடுத்த வீடு என்று ஆகிவிடும். ஆசியாவின் அரிசி என்றால் தங்கை ஸ்டேஷன் படி ஏற வேண்டும். தன்னுடையது என்றாலோ, எந்த நிலத்து நெல் என்று கேட்பார்கள்...

ஒன்பது ஏக்கர்!

"அரிசி யாருது பாய்? சும்மாதான் கேக்குறேன்."

"சார், அது..." ஆசியா வாயெடுத்தாள்.

"ஆசியா! உள்ள போ!"

அவள் போகவில்லை. ராவுத்தர் அவளை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"என் அரிசி. என் வண்டி. ஏத்தச் சொன்னது நான். காத்தான் சொன்னதைச் செஞ்சவன். பெட்ரோல் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். எழுதுங்க."

"பாய், ஒரு நிமிஷம்..."

"குறுக்க பேசாதீங்க. எழுதுங்க. எந்த நெலத்து நெல்லுன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். அதையும் சொல்லிடுறேன். தோப்புக்குத் தெக்க ஒன்பது ஏக்கர்."

"அது உங்க தங்கச்சி பேர்ல..."

"பேரு அவளுது. நெலம் என்னுது. உச்சவரம்புக்குத் தப்ப நான் எழுதி வச்சது. அவளுக்கு எதுவும் தெரியாது."

கலியபெருமாளின் பேனா நின்றது. "பாய், நான் சொல்ல வர்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"எழுதுனீங்களா, இல்லையா?"

எழுதினார். ராவுத்தர் வாங்கி, ஒரு எழுத்து விடாமல் படித்து, கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு வைத்தியலிங்கம் போட்டார்.

"இப்பச் சொல்லுங்க. வண்டியில ஏறணுமா? நடந்தே வரட்டுமா?"

கலியபெருமாள் தொப்பியைக் கழற்றினார்.

"எங்கயும் வர வேணாம் பாய். அரிசித் தடையை முந்தாநாளே எடுத்துட்டாங்க. உங்க வீட்டுல யாரும் ரேடியோ கேக்கலையா?"



கேட்கவில்லை. அறுபத்தேழில் ஆட்சி மாறிய அன்று, "இனிமே இவங்க குரல் என் வீட்டுல கேக்கக் கூடாது" என்று ரேடியோவுக்கு உறை போட்டவர் ராவுத்தர். ஏழு வருஷமாக அந்த உறையை யாரும் கழற்றவில்லை.

"அப்ப... இந்த அரிசிக்கு?"

"கேஸே கிடையாது. இன்னும் பத்து மூட்டை ஏத்துங்க." கலியபெருமாள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆனா இந்தத் தாள் தாசில்தார் கைக்குப் போச்சுன்னா ஒன்பது ஏக்கர் போயிடும் பாய். நான் எதையும் பாக்கல. கிழிச்சிடட்டுமா?"

 வைத்தியலிங்கம் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

ராவுத்தர் முதுகை இன்னும் நிமிர்த்தினார்.

"ராவுத்தர் கையெழுத்தைக் கிழிக்கிறவன் இனிமேத்தான் பொறக்கணும். எடுத்துக்கிட்டுப் போங்க."

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

"என்னை மன்னிச்சுடு," என்றார் ராவுத்தர், சுவரைப் பார்த்தபடி. "உன் நெலம் போச்சு."

"என்னுதா இருந்தாத்தானே எனக்கு வலிக்கும்?" என்றாள் ஆசியா. முக்காட்டுக்குள் சிரிப்பது போலவும் இருந்தது, அழுவது போலவும் இருந்தது. "மூட்டையைத் தூக்கி வை காத்தான். நேரமாச்சு. இனிமே துப்பட்டி வேணாம்."

"டாப் கியர்ல போடா!" என்று கத்தினார் வைத்தியலிங்கம்.

எட்டு மாதத்தில் அந்த ஒன்பது ஏக்கரும் உபரி நிலமாகி, நிலமில்லாதவர்களுக்குப் பிரிந்தது. அதில் ஓர் ஏக்கர் காத்தானுக்குக் கிடைத்தது. வியாழக்கிழமை மட்டும் இப்போதும் அவன் வந்து வண்டி ஓட்டுகிறான். லிட்டருக்கு ஆறு மைல். குச்சி பொய் சொல்லாது. ரேடியோவின் உறையையும் ராவுத்தர் கழற்றிவிட்டார். நியூஸ் முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுகிறார்.

அந்த வியாழக்கிழமை ராவுத்தர் வீட்டு காரில் மூன்று பெண்கள் போலீஸில் சிக்கினார்கள் என்று கும்பகோணம் வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது.

தவறு. பெண் ஒருத்திதான். மற்ற இருவரும் கிச்சிலிச் சம்பா!